சாரெக், படியெலாந்தா: ஆளில்லாக் காடா, சாமி மக்களின் மேய்ச்சல் நிலமா?

கேள்வி, ஜூன் 2

வரும் ஜூலையில் ஸ்வீடனின் வடகோடியில் உள்ள சாரெக் தேசியப் பூங்காவில் நடக்கத் திட்டமிடுகிறேன். ஐரோப்பாவில் மனிதர் கை படாமல் எஞ்சியிருக்கும் கடைசி இடம் அது என்று பல இடங்களில் படித்தேன். மனித வாடையே இல்லாத ஓரிடத்தில் சில நாட்கள் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள். வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களின் வாழ்வையும் பார்க்க விரும்புகிறேன். அதற்குத் தனியாக எந்த ஊருக்குப் போக வேண்டும்?

ஜூன் 2, இரவு

நான் வட ஸ்வீடனின் கடற்கரை நகரமான லூலியோவில் வசிக்கிறேன். கோடையில் விடுப்புக் கிடைத்தால் இந்த மலைகளுக்குத்தான் போவேன். சாமி மக்களைப் பார்க்க நீங்கள் வேறு எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. மனித வாடை இல்லாத இடம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் சாரெக்கே அவர்களுடைய பனிமான்கள் கோடையில் மேயும் நிலம். சாரெக், அதற்கு மேற்கே படியெலாந்தா, வடக்கே ஸ்தோரா ஷோஃபாலெத், கிழக்கே முத்துஸ் ஆகிய நான்கு தேசியப் பூங்காக்களும் அவற்றை ஒட்டிய காப்பகங்களும் சேர்ந்து லப்போனியா என்ற பெயரில் 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றன. பரப்பு ஏறத்தாழ 9,400 சதுர கிலோமீட்டர். பட்டியலில் அந்த இடம் இயற்கைக்காக மட்டும் கிடைக்கவில்லை. சாமி மக்களின் உயிரோடு இருக்கும் மேய்ச்சல் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே கிடைத்தது. பட்டியலில் இரண்டு காரணங்களுக்காகவும் இடம் பெற்ற இடங்கள் உலகிலேயே சிலதான்.

ஜூன் 3

நேற்று அவசரமாக எழுதினேன். "கை படாத" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடன் 1909இல் ஒரே மூச்சில் ஒன்பது தேசியப் பூங்காக்களை அறிவித்தது. ஐரோப்பாவில் தேசியப் பூங்கா என்ற ஏற்பாடே அப்போதுதான் தொடங்கியது. சாரெக்கும் ஸ்தோரா ஷோஃபாலெத்தும் அந்த ஒன்பதில் அடங்கும். நாட்டின் இயற்கையை அதன் மூல நிலையில் காக்க வேண்டும் என்று தலைநகரில் இருந்தவர்கள் முடிவு செய்தபோது, அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மான் மேய்த்தவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் நடந்ததைத்தான் பயணிகளில் பலர் அறியாமலே திரும்புகிறார்கள். பூங்கா அறிவித்துப் பத்தே ஆண்டுகளில், 1919இல், அதே அரசு ஸ்தோரா ஷோஃபாலெத்தின் நடுப்பகுதியைப் பூங்காவிலிருந்து வெட்டி எடுத்து, சுவோர்வா என்ற இடத்தில் லூலே ஆற்றின் குறுக்கே அணை கட்ட அனுமதித்தது. 1923இல் முதல் அணை முடிந்தது. பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டு 1972இல்தான் இன்றைய உயரத்தை எட்டியது. தனித்தனியாக இருந்த ஏரிகள் ஒன்றாகி அக்காயாவ்ரே என்ற பெரும் நீர்த்தேக்கமாயின. கரையோரத்தில் இருந்த சாமி குடியிருப்புகள் மூழ்கின. மேட்டுக்கு நகர்ந்து புதிதாகக் கட்டியவர்களின் வீடுகளும் அடுத்த முறை அணை உயர்ந்தபோது மூழ்கின. பூங்காவுக்குப் பெயர் தந்த பேரருவியில் இன்று பழைய நீர்வரத்து இல்லை. நீர்த்தேக்கக் கரையில் உள்ள ரிட்செம் ஊருக்குப் போகும் பேருந்திலிருந்து கோடைத் தொடக்கத்தில் அந்தக் கரையைப் பாருங்கள். நீர்மட்டம் ஆண்டுக்குள் 30 மீட்டர் வரை ஏறி இறங்குவதால் புல்லும் புதரும் பிடிக்காத சாம்பல் நிறச் சரிவு ஒன்று நீரைச் சுற்றி நெடுகக் கிடக்கும். மனிதன் கை வைத்த இடம் எது என்று அங்கே யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கை மான் மேய்த்தவர்களின் கை அல்ல என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஜூன் 5

"சாரெக்கில் நடந்தபோது பழங்காலத் தடயம் எதையும் நான் பார்க்கவில்லையே" என்று இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார். கோட்டையையும் கோயிலையும் தேடிய கண்ணுக்கு அங்கே எதுவும் அகப்படாது. சாமி மக்கள் மரம், தோல், புல்தரை ஆகியவற்றால் கட்டினார்கள். விட்டுச் சென்றபின் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும். எஞ்சுவது அடுப்பு. குடிலின் நடுவில் நீள்வட்டமாகக் கற்களை அடுக்கி நெருப்பு மூட்டுவார்கள். கம்பங்கள் மக்கிப்போன பிறகும் அந்தக் கல்வட்டம் பாசி படர்ந்து அப்படியே கிடக்கும். பிர்ச் மரங்கள் முடியும் உயரத்தில், ஓடைக்குச் சற்று மேலே, காற்று மறைவான மேடு ஒன்று தென்பட்டால் நின்று பாருங்கள். சுற்றிலும் குட்டைப் புதர்கள் அடர்ந்திருக்க, அங்கே மட்டும் வட்டமாகப் பசும்புல் செழித்திருந்தால் அது தானாக அமைந்த புல்வெளி அல்ல. பெண்மான்களைப் பட்டியில் அடைத்துப் பால் கறந்த இடம் அது. பால் கறக்கும் வழக்கம் நின்று நெடுங்காலம் ஆகியும் அன்றைய சாணத்தின் உரம் இன்றும் அந்தப் புல்லில் தெரிகிறது.

முத்துஸின் பழைய பைன் காடுகளில் இன்னொன்றைப் பார்க்கலாம். சில மரங்களில் நெஞ்சளவு உயரத்தில் பட்டை உரித்த நீள்சதுரத் தழும்பு இருக்கும். கோடைத் தொடக்கத்தில் சாறு ஏறும்போது பட்டைக்கு உள்ளே இருக்கும் மென்படலத்தைச் சீவி எடுத்து, பக்குவம் செய்து உணவாக வைத்துக்கொண்டார்கள். மரத்தை முழுச் சுற்றாக உரிக்காமல் ஒரு பக்கம் விட்டுவைத்ததால் அது சாகாமல் தழும்பின் விளிம்பிலிருந்து மெல்ல மூடிக்கொண்டு வளர்ந்தது. வளையங்களை எண்ணி உரித்த ஆண்டைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள். அத்தகைய ஒரு மரத்தின் முன் நின்றபோது, இதை நான் அதுவரை இயற்கைக் காயம் என்று எண்ணிக் கடந்து போயிருக்கக்கூடும் என்று தோன்றியது. அதைச் சுட்டிக் காட்டியவர் உடன் வந்த சாமி வழிகாட்டி. அவருக்குக் கொடுத்த கட்டணம் அந்தப் பயணத்திலேயே மிக நியாயமான செலவு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜூன் 6

மேலே ஒருவர், இந்த மலைகளை முதலில் கண்டுசொன்னவர் லின்னேயஸ் என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1732இல் சாரெக்குக்குத் தெற்கே உள்ள குவிக்யொக் என்ற சிற்றூர் வழியாக மலையைக் கடந்து நார்வேக் கடற்கரை வரை போனது உண்மை. அவரை அழைத்துப் போனவர்கள் சாமி மக்கள்; தங்க வைத்து உணவிட்டவர்களும் அவர்களே. அவருக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், சாரெக்கில் உள்ள அல்காவாரே பகுதியில் வெள்ளி எடுத்திருக்கிறார்கள். தாதுவைப் பனிமான் வண்டிகளில் குவிக்யொக் உலைக்கு இழுத்துச் சென்ற பாரமும் சாமி குடும்பங்களின் தலையில்தான் விழுந்தது.

ஜூன் 9

இனி வழிக்கு வருகிறேன். சாரெக்கின் உட்பகுதியில் தங்கும் குடில்கள் இல்லை. வண்ணக் குறியிட்ட பாதை இல்லை. பாலங்கள் மிகச் சில. பெரும்பகுதியில் கைபேசிக்கு அலை கிடைக்காது. பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகளை நடந்தே கடக்க வேண்டும். அவற்றை விடியற்காலையில் கடப்பது நல்லது, பகல் வெயிலில் பனி உருகி மாலைக்குள் நீர் ஏறிவிடும். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். தடுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். வரைபடமும் திசைகாட்டியும் கையில் பழகியிருக்க வேண்டும். மலைநடையில் தேர்ந்தவர்களுக்கே உரிய இடம் அது. உங்கள் கேள்வியைப் படித்தால் இத்தகைய நிலத்தில் இதுவரை நடந்ததில்லை என்று தெரிகிறது. ஆகவே முதல் பயணத்துக்குப் படியெலாந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

படியெலாந்தா சாரெக்கைவிடச் சற்றே பெரியது, 1,984 சதுர கிலோமீட்டர். செங்குத்துச் சிகரங்கள் குறைவு. மரங்களற்ற அகன்ற மேட்டுநிலமும் பெரிய ஏரிகளும்தான் அதன் அழகு. குவிக்யொக்கிலிருந்து அக்காயாவ்ரே கரை வரை செல்லும் பாதை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். மறுகரையில் உள்ள ரிட்செமுக்குப் படகில் போகலாம். பாதை தெளிவாகக் குறியிடப்பட்டது. சதுப்பு நிலத்தில் பலகை போட்டிருக்கிறார்கள். ஆறுகளுக்குப் பாலம் உண்டு. ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாகக் குடில்கள் உண்டு. பூங்காவுக்குள் இருக்கும் குடில்களை நடத்துவது துவோர்பொன், யொக்ககஸ்கா, சிர்கேஸ் என்னும் மூன்று சாமி மேய்ச்சல் கூட்டமைப்புகள் சேர்ந்து அமைத்த நிறுவனம். அதாவது நீங்கள் கொடுக்கும் வாடகை அந்த நிலத்துக்கு உரியவர்களிடமே போய்ச் சேர்கிறது.

நடுவழியில் விரிஹாவ்ரே ஏரிக்கரையில் ஸ்தாலோலுவொக்தா என்ற சாமி கோடைக் குடியிருப்பு வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடு போலத் தெரியும் தேவாலயம் ஒன்று அங்கே இருக்கிறது. உள்ளே வளைந்த பிர்ச் கம்பங்கள் கூரையைத் தாங்குகின்றன. அவற்றின்மேல் நீர் இறங்காதபடி பிர்ச் பட்டை, அதன்மேல் புல்தரை. தரையில் பரப்பியிருக்கும் பிர்ச் தழையின் மணம் கதவைத் திறந்ததுமே முகத்தில் படும். குடியிருப்பில் புகையூட்டிய ஏரி மீனும் காஹ்க்கோ என்னும் தட்டை ரொட்டியும் விற்பார்கள். அந்த மீனின் தோல் பொன்னிறத் தாள் போல உரிந்து வரும். உள்ளே சதை இளஞ்சிவப்பாக, எண்ணெய் கசிய இருக்கும். நாள்கணக்காகப் பொட்டல உணவு தின்று நடந்தவனுக்கு அதன் அருமை எழுத்தில் சொல்லி மாளாது. சைவ உணவுக்காரர்கள் ரொட்டியை நம்பலாம். மற்றபடி வேண்டிய உணவை முதுகில்தான் சுமக்க வேண்டும்.

ஜூன் 10

கொசு பற்றிக் கேட்டவருக்கு: ஜூலையில் நிறைய உண்டு. முகவலை எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர் சுமக்க வேண்டாம். ஓடும் ஓடைகளில் நேராகக் குடிக்கலாம்.

ஜூன் 14

கன்றுகளுக்குக் காதில் அடையாளம் இடும் நிகழ்வைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குடும்பம் அனுமதித்து, வேலியோரம் உட்கார இடம் காட்டியதால் நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் பார்த்து வியப்பவர்களுக்கு அதில் உள்ள அறிவு தெரிவதில்லை.

மே மாதத்தில் பிறக்கும் கன்றுகளை ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள் அடையாளம் இடுகிறார்கள். பகலில் சூடும் பூச்சியும் மான்களை வாட்டும் என்பதால் பெரும்பாலும் இரவில் நடக்கிறது. அந்த நாட்களில் இரவிலும் வெளிச்சம் இருக்கிறது. மலையிலிருந்து கூட்டத்தை இறக்கிப் பட்டிக்குள் விட்டதும் அது ஒரே திசையில் சுழல ஆரம்பிக்கிறது. தாய்களும் கன்றுகளும் ஒன்றையொன்று தேடி எழுப்பும் கரகரத்த உறுமலும், கால்கள் எழுப்பும் மெல்லிய கிளிக் ஓசையும் சேர்ந்து வேறெங்கும் கேட்காத ஓர் ஒலியாகிறது. கன்றுகளைச் சுருக்குக் கயிற்றால் பிடித்துக் கழுத்தில் எண் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டி விட்டுவிடுகிறார்கள். அதன்பின் ஆளாளுக்குத் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக உட்கார்ந்து, எந்த எண் எந்தத் தாயைப் பின்தொடர்ந்து பால் குடிக்கிறது என்று பொறுமையாகப் பார்த்து எழுதுகிறார்கள். தாயின் காதில் யாருடைய அடையாளம் இருக்கிறதோ, அவருக்கே கன்றும் உரியது. உறுதியானபின் மறுபடி பிடித்து, கூரிய சிறு கத்தியால் இரு காதுகளிலும் அந்த உரிமையாளரின் வெட்டுக் குறியை இடுகிறார்கள்.

என் அருகில் இருந்த மூதாட்டி ஒருவர் கன்றைத் தம் முழங்கால்களுக்கு இடையில் அணைத்துக்கொண்டு வெட்டினார். நான் வியந்து முடிப்பதற்குள் வேலை முடிந்து கன்று ஓடிவிட்டது. வெட்டிய காதுத் துணுக்குகளை அவர் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். இரவு முடிந்ததும் எத்தனை கன்றுகள் என்று எண்ணுவதற்கு என்றார். அவருடைய பேத்தி, பள்ளி வயதுச் சிறுமி, ஓடும் கூட்டத்தில் தூரத்தில் நின்ற தாய்மானின் காதை வெறுங்கண்ணால் படித்து இது இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு எல்லா மானும் ஒன்றாகவே தெரிந்தன.

ஒன்றை மட்டும் கேட்டுவிடாதீர்கள்: "உங்களிடம் எத்தனை மான்கள்?" ஒருவருடைய வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கு அது சமம். நட்பாகப் பேசுகிறோம் என்று நினைத்து நம்மவர்கள் முதலில் கேட்பதே இந்தக் கேள்விதான்.

ஜூன் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர் எந்த நாளில் எந்த இடத்தில் நடக்கும் என்று கேட்கிறார்கள். யோசித்துப் பார்க்கிறேன்: இதை ஒரு காட்சியாகத் தேடிப் போகாமல் இருப்பதே முறை. நாளையும் இடத்தையும் காற்றும் மான்களும் தீர்மானிக்கின்றன. கூட்டத்தைத் திரட்டவே பெரும்பாடு ஆகிவிடும். அறியாத ஒருவர் படம் எடுக்க எழுந்து நின்றாலே மான்கள் மிரண்டு மலையேறிவிடலாம். அத்தனை பேரின் உழைப்பும் வீணாகும். வழியில் கூட்டம் எதிர்ப்பட்டால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அது கடந்து போகும் வரை காத்திருங்கள். நாயைக் கொண்டுவராதீர்கள். யாராவது தாமாக அழைத்தால் மட்டும் போங்கள், போனால் சொன்ன இடத்தில் இருங்கள்.

ஜூன் 20

இந்தப் பூங்காக்களுக்கு அருகில் உள்ள ஊரான யொக்மொக் பக்கத்தில் லூலே சாமி மொழி பேசப்படும்போது, அங்கே சில குடும்பங்கள் வட சாமி பேசுவது ஏன் என்ற கேள்விக்குப் பதில் சற்றுக் கசப்பானது. நார்வே 1905இல் ஸ்வீடனிலிருந்து பிரிந்தபின், எல்லையைக் கடந்து கோடை மேய்ச்சலுக்குப் போகும் மான்களின் எண்ணிக்கையை இரு நாடுகளும் 1919 உடன்படிக்கையால் குறைத்தன. வடகோடியான கரெசுவாண்டோவிலிருந்து நார்வேக் கடற்கரைக்குப் போய்வந்த குடும்பங்களைத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். மனிதரும் மானும் அறியாத நிலம், ஏற்கனவே வேறு குடும்பங்கள் மேய்த்துவந்த நிலம். போனவர்களுக்கும் துன்பம், இருந்தவர்களுக்கும் துன்பம். பழைய மேய்ச்சலுக்குத் திரும்ப முயன்று வழி தவறிய மான்களைப் பற்றிய நினைவுகள் அந்த வீடுகளில் இன்னும் பேசப்படுகின்றன. இவற்றையெல்லாம் நடைக்கு முன்பே அறிந்துகொள்ள யொக்மொக் ஊரில் உள்ள எய்த்தே அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஜூன் 27

"ஹெலிகாப்டரும் நான்கு சக்கர மோட்டார் வண்டியும் வைத்து மான் மேய்ப்பதில் என்ன பழமை இருக்கிறது?" என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். வருத்தம் புரிகிறது, ஆனால் கேள்வியின் அடிப்படையை நான் ஏற்கவில்லை. அவர்கள் நமக்காகப் பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அணைகளும் சாலைகளும் இருப்புப்பாதையும் காடு வெட்டலும் நகர்வுப் பாதைகளைத் துண்டு துண்டாக்கியபின், முன்பு நடந்தே முடிந்த வேலை இன்று எந்திரம் இல்லாமல் முடிவதில்லை. குளிர்காலம் அதைவிடப் பெரிய கவலை. நடுக்குளிரில் மழை பெய்து உறைந்தால் தரையின்மேல் பனிக்கட்டி ஓடு படிகிறது. அடியில் இருக்கும் லைக்கன் பாசியின் மணம்கூட மானுக்கு எட்டாது, குளம்பால் தோண்டவும் முடியாது. அப்போது விலைக்கு வாங்கிய தீவனத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவோடு ஒரு குடும்பம் இன்னும் இந்தத் தொழிலை விடாமல் வைத்திருப்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நல்ல மாற்றமும் ஒன்று உண்டு. லப்போனியாவை இப்போது நிர்வகிக்கும் அமைப்பின் குழுவில் சாமி உறுப்பினர்களே பெரும்பான்மை; முடிவுகளை வாக்கெடுப்பால் எடுக்காமல் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசி எடுக்கிறார்கள். பல ஆண்டுகள் போராடிப் பெற்ற ஏற்பாடு இது.

ஜூலை 2

அது மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், கிர்யாஸ் என்ற மேய்ச்சல் கூட்டமைப்பின் நிலத்தில் சிறு விலங்கு வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அனுமதி வழங்கும் உரிமை அந்தக் கூட்டமைப்புக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. நெடுங்கால வழக்கமே அந்த உரிமைக்கு ஆதாரம் என்றது. இரண்டே ஆண்டுகளில், 2022 மார்ச்சில், யொக்மொக்குக்கு மேற்கே கல்லோக் என்ற இடத்தில் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கு அரசு சுரங்க உரிமம் கொடுத்தது. அந்த இடம் லப்போனியாவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் கோடை மலைக்கும் குளிர்காலக் காட்டுக்கும் இடையே மான்கள் போய்வரும் வழி எல்லைக்கோட்டைப் பார்த்து வளைவதில்லை. பூங்காவை மட்டும் காத்துவிட்டு, மான்கள் போகும் பாதையை அடைத்தால் பூங்காவுக்குள் மேய மான் வராது. கல்லோக்கைக் கடந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஜூலை 8

கேள்வி கேட்ட நண்பர் படியெலாந்தாவுக்கே போவதாகவும் பயணத்தைத் தள்ளிப்போட முடியும் என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஆகஸ்ட் இரண்டாம் பாதி ஏற்றது. கன்று அடையாள வேலை முடிந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், மேட்டுநிலம் சிவக்கத் தொடங்கும். ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயிலில் யெல்லிவாரே வந்து, அங்கிருந்து பேருந்தில் ரிட்செம் செல்லுங்கள். வழியில் ஸ்தோரா ஷோஃபாலெத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் பாதையின் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளலாம். ரிட்செமில் படகேறி மறுகரையில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்தால், சாரெக்கின் பக்கமாக நிற்கும் 2,015 மீட்டர் உயர அக்கா மலைத்தொடர் முதல் நாளிலேயே கண்ணில் படும். ஸ்தாலோலுவொக்தாவில் ஒரு நாள் சும்மா இருங்கள். குவிக்யொக்கை நெருங்கும்போது கழிமுகத்தைக் கடக்கப் படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். படகுகளும் குடில்களும் செப்டம்பரில் ஒவ்வொன்றாக நின்றுவிடும் என்பதால் அவற்றின் கடைசித் தேதிகளைப் பார்த்துவிட்டு ரயில் சீட்டு எடுங்கள்.